ஒரு நூல் அளவு பாதம்

வெள்ளானூர்
24.11.2024

சம்பந்தி அம்மா வசந்தா அவர்களுக்கு,

செங்கல்வராயன் எழுதுகிறேன். என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை யாராவது எனக்காக எழுதுவார்கள், நான் கட்டைவிரலை அழுத்திக் கொடுப்பேன். இப்போது பஞ்சாயத்துப் பள்ளியில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பஸ்ஸின் பலகை படிக்கிறேன். மாத்திரை அட்டை படிக்கிறேன். எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி எழுதி, அதை நானே படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.

வளைகாப்புக்குப் பிறகு நாம் போனில் பேசினாலே சத்தம் ஏறிவிடுகிறது. உங்கள் பிள்ளை செல்வகுமார் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். "ரெண்டு பேரும் போன்ல பேசவே வாணாம் மாமா. இன்னா சொல்லணுமோ எய்திக் குடுங்க. நான் எட்துகினு போயி குடுக்கறேன்" என்றார். அம்பத்தூர் பட்டறைக்குப் போகிற வழியில் ஆவடியில் இறங்கி இதை வாங்கிக்கொள்வார்.

அன்று பந்தியில் எல்லார் முன்னாலும், தாய் இல்லாத ஊட்டுக்கு எப்டிப் பொண்ண அனுப்பறது என்று கேட்டீர்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது. ஆனால் என் மகள் லாவண்யாவைப் பிரசவத்துக்கு இங்கே அனுப்பத்தான் வேண்டும். முதல் பிரசவம் பிறந்த வீட்டில். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கூடவே ஒரு ஜோடி சாக்ஸ் வைத்திருக்கிறேன். நானே பின்னியது. கோவில்பதாகையில் நான் வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடியில், கீழ்வீட்டில் இமாச்சலத்து அம்மா ஒருவர் இருக்கிறார். வீட்டுக்காரர் ராணுவத்தில். அந்த அம்மா எப்போதும் கம்பளி நூலும் ஊசியுமாக வாசலில் உட்கார்ந்திருப்பார். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் ஊசியை என் கையில் கொடுத்துவிட்டார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. தப்பாகக் கண்ணி போட்டால் ஊசியால் விரலில் ஒரு தட்டு. அப்படித்தான் கற்றேன். குதிகால் வளைகிற இடம் வந்தபோது அவரே கைதட்டினார்.

என் கை இறுக்கம். அதனால் சாக்ஸ் ரொம்பச் சின்னதாகிவிட்டது. பொம்மைக்குப் போட்டாலும் டைட்டா இருக்கும் மாமா என்று செல்வகுமார் சிரித்தார். பிறக்கிற குழந்தை சின்னதாகத்தானே இருக்கும்.

பதில் எழுதுங்கள். நானே படித்துக்கொள்வேன்.

செங்கல்வராயன்


வேப்பம்பட்டு
27.11.2024

சம்பந்தி அவர்களுக்கு,

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள், சந்தோஷம். முப்பது வருஷம் பால்வாடியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதன் அருமை எனக்குத் தெரியும். அது வேறு, இது வேறு.

சாக்ஸைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். லாவண்யா கண்ணில் படவில்லை. செல்வகுமாரின் சாப்பாட்டுப் பையிலிருந்து நான்தான் எடுத்தேன்.

பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி சேர்க்கக் கூடாது என்பது உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? பிறந்த பிறகும் முதலில் போடுவது பழைய துணிதான். பெரியவர்கள் கட்டி, துவைத்து, நைந்துபோன துணி. செல்வகுமாருக்கு முதன்முதலில் சுற்றியது அவன் அப்பாவின் வேட்டிக் கிழிசல். அதற்குப் பிறகுதான் புதுசு.

போன வருஷம் அவள் முழுகாமல் இருந்தபோது நாலாம் மாசமே உங்கள் வீட்டுக் கூரையில் தூளிக் கொக்கி அடித்தீர்கள். நான் வேண்டாம் என்றேன். இருக்கட்டும் என்று சிரித்தீர்கள். அடுத்த மாசம் நாம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி நடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் மேல் பழி போடவில்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

அந்தச் சாக்ஸைப் பிரித்துவிடுங்கள். வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். பிரசவம் இங்கேதான்.

வசந்தா


வெள்ளானூர்
1.12.2024

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது.

எனக்கு இந்தச் சாத்திரம் எதுவும் தெரியாது. அதையெல்லாம் என் வீட்டுக்காரி நாகவல்லி பார்த்துக்கொள்வாள். அவள் இருந்திருந்தால் ஊசியைக் கையில் எடுத்த அன்றே, "யோவ், கொயந்த வரட்டும்யா மொதல்ல" என்று பிடுங்கி வைத்திருப்பாள். அவள் இல்லை. அவள் இல்லாததைத்தான் நீங்கள் பந்தியில் சொல்லிக் காட்டினீர்கள். இப்போது அவள் சொல்லியிருக்க வேண்டியது எனக்குத் தெரியாதா என்றும் கேட்கிறீர்கள். இரண்டு பக்கமும் அடித்தால் எப்படி?

கொக்கியை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். கூரையில் துளை இருக்கிறது. படுத்தால் அதுதான் தெரிகிறது. நீங்கள் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

சாக்ஸைப் பிரிக்க மாட்டேன். முதன்முதலாக என் கையால் முழுசாக வந்த பொருள் அது. நூலுக்கு என்ன தெரியும்?

இப்போது ஒரு சால்வை ஆரம்பித்திருக்கிறேன். இது குழந்தைக்கு இல்லை. என் மகள் தோளில் போட்டுக்கொள்ள. இதற்கு ஒருவரும் குறை சொல்ல முடியாது. இது சாதாரணப் பின்னல் இல்லை. நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சும்மா சுற்றிவிட்டு, பக்கத்துக் கண்ணி இரண்டைச் சேர்த்துப் பிடித்தால், வேண்டுமென்றே ஒரு ஓட்டை விழும். ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்து இலை மாதிரி ஆகிறது. நன்றாக எழுதிக்கொண்டே போகிறேன் பாருங்கள், கோபத்தில் ஆரம்பித்த கடிதம்.

ஆனால் கோபம் போகவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு போட்ட கண்ணிகள் ஊசியில் நகரவே இல்லை. அவ்வளவு இறுக்கம். இமாச்சலத்து அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

என் மகளை அனுப்புங்கள்.

செங்கல்வராயன்


வேப்பம்பட்டு
5.12.2024

சம்பந்தி அவர்களுக்கு,

ஓட்டைத் துணியைப் பெருமையாக எழுதுகிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அதைப் பேச நேரமில்லை. லாவண்யாவின் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை. பிரஷர் கூட இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார்கள். உப்பைக் குறைத்திருக்கிறோம். இடது பக்கமாகவே படுக்க வேண்டுமாம். ரயிலிலோ ஆட்டோவிலோ குலுங்கக் கூடாது. அதனால் வெள்ளானூர்ப் பேச்சை இத்தோடு விடுங்கள்.

நேற்று அவளுக்குச் சாக்ஸ் விஷயம் தெரிந்துவிட்டது. செல்வகுமார் வாய் நிற்காது. "நைனா அனுப்சத எதுக்கு அத்தே ஒளிச்ச, நா பாத்தா இன்னா ஆயிடும்" என்று கேட்டாள். என்ன ஆகிவிடும் என்று நான் எப்படி வாயால் சொல்வேன்? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்னொரு தரம் கேட்கிறேன். நம்பிக்கை இல்லாவிட்டாலும் எனக்காகப் பிரித்துவிடுங்கள்.

வசந்தா


வெள்ளானூர்
8.12.2024

சம்பந்தி அம்மாவுக்கு,

சரி, பிரிக்கிறேன். ஆனால் சும்மா பிரிக்க மாட்டேன். முதலில் என் மகளை ஒரு முறை பார்க்க விடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டுக்கு வருகிறேன். வாசலிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்கே, உங்கள் எதிரிலேயே, கடைசிக் கண்ணிவரை உருவி நூலை உங்கள் கையில் கொடுக்கிறேன்.

அதுவரை இருக்கும்.

செங்கல்வராயன்


வெள்ளானூர்
15.12.2024

சம்பந்தி அம்மாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. வேப்பம்பட்டுக்கு வர இருந்த நாள். உங்கள் வீடு பூட்டியிருக்கும்.

வியாழக்கிழமை செல்வகுமார் போன் செய்தபோது பாதிதான் புரிந்தது. பிரஷர் ஏறி, கண் மங்கி, அவசரமாக அறுத்து எடுத்தார்கள், பெண், நாள் ஆகாமல் பிறந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று. அழுதுகொண்டே சொன்னார். கோவில்பதாகை கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டார்கள். அந்த வார்டுக்குள் ஆம்பளைகளை விடுவதில்லையாம், குழந்தையின் அப்பாவைத் தவிர. போனும் உள்ளே கூடாதாம். நானும் வாட்ச்மேன்தான், நானும் இப்படித்தான் நிறுத்துவேன், அதனால் சண்டை போடவில்லை. வேப்ப மரத்தடியில் நின்றேன். நீங்கள் பிளாஸ்க்கோடு வெளியே வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். தாண்டிப் போனீர்கள்.

நீங்கள் திட்டியிருந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து சாக்ஸைப் பிரித்தேன். இரண்டையும். இழுக்க இழுக்க வருகிறது. அவ்வளவு நாள் பின்னியது ஒரு டீ ஆறுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. நூல் சுருள் சுருளாகக் கிடக்கிறது. நீங்கள் கேட்டபோதே பிரித்திருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு உங்களிடம் பேரம் பேசினேன்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுத்தில் கேட்கிறேன், எழுத்திலேயே சொல்லுங்கள். இது என்னால் ஆனதா?

செங்கல்வராயன்


ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு
19.12.2024

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நாலு நாளாக என் ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது. பதில் தெரியாமல் எழுத எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு உங்களைத் தாண்டிப் போனதும் அதனால்தான். நின்றிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இன்று காலை பெரிய டாக்டர் வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். பிறக்கறதுக்கு முன்னாடியே துணி பின்னிவெச்சா இப்டி ஆகுமா சார் என்று. கூட இருந்த சின்ன டாக்டர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பிரஷருக்கு சாக்ஸெல்லாம் தெரியாதும்மா. ஒங்க மருமகளுக்கு ஒடம்புல இருந்த கோளாறு அது. யார் செஞ்சதும் இல்ல" என்றார். அதே வார்த்தையை எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் அதுதான் பதில். எனக்கும்.

லாவண்யா எழுந்து உட்கார்கிறாள். உங்களைக் கேட்கிறாள்.

குழந்தையை நீங்கள் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். என் உள்ளங்கையில் தலை, மணிக்கட்டைத் தாண்டி இடுப்பு. அவ்வளவுதான். மூக்கில் குழாய். முகம் நாகவல்லி அக்கா முகம், கோபமாக இருக்கும்போது.

இப்போது ஒரு அவசரம். குழந்தையை அம்மாவின் மார்போடு வெறும் உடம்பில் வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். அந்தச் சூட்டில்தான் தேறுமாம். ஆனால் வெளியே எடுத்தால் பாதம் உடனே சில்லிட்டு நீலம் பாய்கிறது. தொப்பி இங்கேயே கொடுத்தார்கள். சாக்ஸ் கிடைக்கவில்லை. செல்வகுமார் ஆவடி கடைத்தெரு முழுக்க அலைந்து இருப்பதிலேயே சின்னதை வாங்கி வந்தான். தொடைவரை வருகிறது, உதைத்தால் கழன்றுவிடுகிறது. யுவராணி என்று ஒரு நர்ஸ், வாய்த் துடுக்கு. "இன்னாமா இது, பாட்டி காலுக்கு வாங்கினீங்களா?" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பொம்மைக்குக்கூட டைட்டாக இருக்கும் என்ற அந்தச் சாக்ஸ் ஞாபகம் வந்தது. நான்தான் பிரிக்கச் சொன்னேன். நீங்களும் பிரித்துவிட்டீர்கள்.

இந்தப் பையில் ஒரு மஃப்ளர் இருக்கிறது. என் வீட்டுக்காரர் எத்திராஜ் மார்கழி பஜனைக்குக் கட்டிக்கொண்டு போனது. அவர் போன பிறகு நான் யாருக்கும் கொடுக்கவில்லை. துவைத்து வெயிலில் காயவைத்திருக்கிறேன். பழசு. நைந்தது. நல்லபடியாக வாழ்ந்த மனுஷன் உடம்பில் இருந்தது. குழந்தைக்கு முதலில் போட வேண்டியது இந்த மாதிரித் துணிதான். இதைப் பிரித்துப் பின்னிக் கொடுங்கள்.

அளவுக்கு ஒரு நூல் வைத்திருக்கிறேன். முடிச்சிலிருந்து முடிச்சுவரை அவள் பாதம்.

வசந்தா


ஆஸ்பத்திரி வாசல்
21.12.2024

சம்பந்தி அம்மாவுக்கு,

நூலைக் கையில் வைத்துப் பார்த்தேன். என் சுண்டுவிரலைவிடச் சின்னது. பிறகு வேலையை ஆரம்பித்தேன்.

மஃப்ளரைப் பிரிக்கக் கை வரவில்லை. எத்திராஜ் அண்ணன் கழுத்தில் பார்த்தது. ஓரத்தில் ஒரு கண்ணியை அறுத்தேன், அப்புறம் அதுவே வழிவிட்டது. நூல் தடி. மூன்று இழை சேர்த்து முறுக்கியிருந்தது. முறுக்கைப் பிரித்து ஒரு இழையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது பழசு அல்லவா, வேகமாக இழுத்தால் அறுகிறது.

அடுத்தது ஊசி. இமாச்சலத்து அம்மாவின் ஊசி எதுவும் இந்த அளவுக்கு ஆகாது. சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி ஞாபகம் வந்தது. செல்வகுமார் பட்டறையில் ஐந்து கம்பிகளை வெட்டி, இரண்டு முனையையும் மழுங்கத் தேய்த்துக் கொடுத்தார். அந்த அம்மா அதைக் கன்னத்தில் உரசிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கோபத்தில் என் கை இறுகும் என்று எழுதினேன். பயத்தில் தளர்கிறது. அது தெரியாமல் போயிற்று. முதலில் பின்னியது பெரிசாகிவிட்டது. பிரித்தேன். அடுத்ததில் குதிகாலில் ஒரு கண்ணி நழுவி, அதைத் தேடுவதற்குள் கீழ்வரை ஓடிவிட்டது. அதையும் பிரித்தேன். வீட்டில் உட்கார்ந்தால் மனசு இங்கேயே இருக்கிறது. அதனால் இன்று விடிந்ததும் இங்கேயே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் இருக்கிற ஆள் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வந்து கேட்டான். "இன்னா பெரீவரே, கம்பியெல்லாம் வெச்சிகினு குந்திகீற?" பேத்திக்கு என்றேன். நூலை அளந்து காட்டினேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

ஒரு கால்தான் ஆகியிருக்கிறது. இது சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டும் ஆகட்டும் என்று காத்திருக்க மனசில்லை. ஒரு காலாவது சூடாக இருக்கட்டும். செல்வகுமாரிடம் கொடுத்துவிடுகிறேன்.

உள்ளே எல்லாரும் வேகமாக ஓடுகிற மாதிரி ஜன்னலில் தெரிகிறது. என்ன என்று யாரும் சொல்லவில்லை.

செங்கல்வராயன்


வார்டு
21.12.2024, சாயங்காலம்

அண்ணா,

ஓடியது நமக்காகத்தான். குழந்தை மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள். நாள் ஆகாமல் பிறந்த பிள்ளைகள் சில நேரம் மறந்துவிடுமாம். யுவராணி உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நடையில் லாவண்யா என் தோளில் சாய்ந்து நின்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் செல்வகுமார் உங்கள் கடிதத்தையும் சாக்ஸையும் கொண்டுவந்தான். கடிதத்தைப் பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. சாக்ஸை மட்டும் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன்.

கதவு திறந்தபோது யுவராணி முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். "அழ ஆரமிச்சிட்டா, வாங்க" என்றாள். அப்புறம் என் கையைப் பார்த்து, இன்னாமா கைல என்று வாங்கி, விரித்து, சுடுதண்ணிப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடாக்கி, மாட்டினாள். சுண்டிச் சுண்டிச் சிவந்திருந்த அந்தக் காலில்தான்.

உட்கார்ந்துவிட்டது அண்ணா. உதைத்தாள். கழலவில்லை.

இன்னொரு கால் காத்திருக்கிறது. நீங்கள் வாசலில்தான் இருக்கிறீர்கள் என்று தெரியும். இட்லி கொடுத்தனுப்பியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் பின்னுங்கள்.

வசந்தா


ஆஸ்பத்திரி வாசல்
22.12.2024

வசந்தா அம்மாவுக்கு,

மற்றொரு கால் இது. முதல் காலைவிட ஒரு சுற்று நீளமாகிவிட்டது. கடைசியில் கைக்குச் சந்தோஷம் வந்துவிட்டது, நிறுத்த மறந்துவிட்டேன்.

சால்வையையும் வைத்திருக்கிறேன். முக்கால்வாசிதான் ஆகியிருக்கிறது. அப்படியே முடித்துக் கட்டிவிட்டேன். லாவண்யாவுக்குக் குளிரும். நடுவில் ஒரு இலை மட்டும் கோணலாக இருக்கும். அது நீங்கள் கால் வீக்கம் என்று எழுதிய அன்று போட்டது.

என்னை அவள் கேட்கிறாள் என்று எழுதினீர்கள். ஜன்னல் பக்கம் ஒரு தரம் வரச் சொல்லுங்கள். கீழே நிற்கிறேன்.

செங்கல்வராயன்


வார்டு
10.1.2025

அண்ணா,

அன்றைக்கு ஜன்னலில் நின்றதிலிருந்து லாவண்யா சாப்பிடுகிறாள். அதை முதலில் சொல்ல வேண்டும். கீழே நின்று நீங்கள் ஐந்து கம்பியையும் தூக்கிக் காட்டினீர்களே, வார்டே பார்த்துச் சிரித்தது.

உங்கள் சால்வையைப் பற்றி நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். குழந்தையை மார்போடு கட்டி, மேலே போர்வையைப் போட்டால் லாவண்யாவுக்குப் பயம். மூச்சு விடுகிறாளா இல்லையா என்று போர்வையை விலக்கி விலக்கிப் பார்ப்பாள். குளிர் ஏறும், நர்ஸ் சத்தம் போடுவாள். சால்வையைப் போட்ட பிறகு விலக்குவதில்லை. ஓட்டை வழியாக முதுகு ஏறி இறங்குவது தெரிகிறது. மத்தியானம் லாவண்யா தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோணல் இலை வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுதான் பெரிய ஓட்டை.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பால் குடிக்கிறாள். சாக்ஸ் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

எந்த வீடு என்று நீங்கள் கேட்கவில்லை. முதல் இரண்டு கடிதத்திலும் கேட்டீர்கள், அப்புறம் நான் சொன்ன பேச்சுக்குப் பயந்து விட்டுவிட்டீர்கள். தாய் இல்லாத வீடு என்று சொன்னது என் வாய். நாகவல்லி அக்கா இருந்த வீட்டை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பொங்கல் முடிந்து வியாழக்கிழமை வெள்ளானூருக்கு அழைத்து வருகிறேன். நானும் வருகிறேன். பச்சை உடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் பத்தியம் பார்க்கிறவரை அங்கேதான் இருப்பேன். செல்வகுமாருக்கும் பட்டறை பக்கம். உங்கள் வீட்டில் சமையல் என்னுடையது, அதில் நீங்கள் தலையிடக் கூடாது.

தூளிக் கொக்கியை மறுபடி மாட்டுங்கள். பழைய துளையிலேயே மாட்டலாம். ஆனால் வியாழக்கிழமை மாட்டினால் போதும். முந்தின நாளே வேண்டாம். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

வசந்தா


வெள்ளானூர்
16.1.2025

வசந்தா அம்மாவுக்கு,

செல்வகுமார் மூட்டைகளை இறக்கிவிட்டு உங்கள் மூன்று பேரையும் அழைத்துவர வேப்பம்பட்டுக்குத் திரும்பிப் போகிறார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் எழுத வேண்டும். வேகமாக எழுதுவது இதுதான் முதல் முறை.

வீடு கழுவியாயிற்று. வெந்நீர் அண்டாவைத் துலக்கி வைத்திருக்கிறேன். மஃப்ளரில் மிச்சம் இருந்த நூலை உருண்டையாகச் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த அளவுக்குப் போதும். ஆனால் ஒரு கண்ணிகூட இன்னும் போடவில்லை. கால் வளரட்டும்.

கொக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். மாட்டவில்லை. ஸ்டூலையும் துளைக்குக் கீழே போட்டுவிட்டேன். செல்வகுமார் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு மாமா வெய்ட் பண்றீங்க, மாட்டிட்டு வேற வேல பாக்கறதுதானே" என்கிறார். அவருக்கு நம் விஷயம் தெரியாது.

கொக்கி என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆட்டோ தெருவில் திரும்புகிற சத்தம் கேட்டதும் ஸ்டூலில் ஏறுகிறேன்.

செங்கல்வராயன்